ரெண்டு விரல் இடம்

கல்கத்தாவில் கிடர்பூர் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவந்த புதிது. பள்ளிக்கூட வேனுக்காக என் மகளை கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தேன். எங்கிருந்தோ வந்த ஒரு பெண்மணி, யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, குழந்தையின் இரட்டைச் சடையைப் பிடித்து மடமடவென்று அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?" என்றேன் பதறிப்போய்.

"பிள்ளைக்குக் கண்ணு ரெண்டும் மேல ஏறிப்போய்க் கிடக்கு. அதைப் பாக்காம என்னைப் பாக்கியே! ஏட்டி, நீ சடை போட்டியா, மூட்டை கட்டினியா?"

சொல்லிக்கொண்டே தளரப் பின்னி, ரிப்பனுக்குள் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்து, தலையில் ஒரு தட்டுத் தட்டி வேனில் ஏற்றிவிட்டார். என் மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன், எனக்கு ஒரு 'டாட்டா' கூட இல்லை. அன்று ஆரம்பித்த பழக்கம்தான். கடைசிவரைக்கும் அக்கா என்னைத் திட்டாமல் ஒரு வாரம் போனதில்லை, நானும் அவரிடம் முறைத்துக்கொள்ளாமல் ஒரு மாதம் போனதில்லை.

அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அலிப்பூரில் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "என்னைக் கேட்டுட்டு வந்தவன் ஒருத்தனுக்கும் சிரிப்பு வரலட்டி" என்பார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் பலபேருக்குப் போதவில்லை. அது பின்னால் எங்கே வந்து முடிந்தது என்பதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இறுக்கமாக எதையும் அவரால் பார்க்க முடியாது. குழந்தையின் அரைஞாண் கயிறு, தெருநாயின் கழுத்தில் யாரோ கட்டிவிட்ட சணல், கல்யாணத்துக்குப் போகிற பெண்ணின் ரவிக்கை, எதுவானாலும் சரி, ரெண்டு விரல் உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் கட்டியவருக்கு அர்ச்சனை. என் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தபோது அவருடைய கைக்கடிகாரப் பட்டையைக்கூட ஒரு துளை தளர்த்திவிட்டுத்தான் காபியைக் கையில் கொடுத்தார். மாமனார் திகைத்துப்போய், "இவங்க நர்ஸா?" என்று என்னிடம் கேட்டார்.

இதெல்லாம் மனுஷர்கள்மேல் காட்டிய கரிசனம். மரங்கள் விஷயத்தில் அக்கா இன்னும் மோசம்.

கல்கத்தாவின் பழைய சாலை மரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத மரங்கள். அவற்றை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று என்றைக்காவது நின்று பார்த்ததுண்டா? கட்சிக் கொடி ஒரு கம்பி. டியூஷன் விளம்பரத் தகரம் ஒரு கம்பி. கேபிள்காரன் ஒரு கம்பி. டீக்கடைத் தார்ப்பாய்க்கு நாலு பக்கமும் நைலான் கயிறு. கட்டியவன் ஒருவனும் அவிழ்ப்பதில்லை. மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்குகிறது. அக்காவின் கைப்பையில் சீப்பு இருக்காது, பவுடர் இருக்காது, ஒரு குறடு இருக்கும். அலிப்பூர் பஸ்ஸில் போகிறபோது ஜன்னல் வழியாக ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார். கண்டக்டர், "ஆஸ்தே லேடீஸ்!" என்று டிரைவரை மெதுவாக்கச் சொல்லிக் கத்தி வண்டியை நிறுத்துவான். அக்கா ரோட்டைத் தாண்டிப் போய், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மரத்தடியில் நின்று கம்பியை முறுக்கி அறுப்பார். ஆபீசுக்குத் தாமதம் என்று எத்தனை முறை அவருக்கு மெமோ வந்திருக்குமோ, நமக்குத் தெரியாது.

"பிள்ளைன்னா வலிச்சா அழுதிரும். இது என்ன செய்யும் சொல்லு? முழுங்கிக்கிட்டு நிக்கும். அதுக்கு வாயில்லைங்கதுக்காக நாம என்ன வேணாலும் செய்யலாமா?" என்பார்.

எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு பெரிய அரச மரம். குவார்ட்டர்ஸ் கட்டுவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே இருந்ததாம். துர்கா பூஜை சமயத்தில் பாடா கிளப்காரர்கள், அதாவது அந்தப் பேட்டைக்காரர்கள், அதன் உடம்பு முழுக்கச் சரவிளக்குச் சுற்றுவார்கள். முதல் வருஷம் அக்கா நேரே கிளப் வாசலுக்குப் போய் நின்றுவிட்டார். நானும் கூடப் போயிருந்தேன், வேடிக்கை பார்க்கத்தான்.

கிளப்புக்குத் தலைவர், ஊருக்கெல்லாம் 'தாதா', நம் ஊர் அண்ணன் மாதிரி. அவர் சிரித்துக்கொண்டே, "தீதி, சார் தினேர் தொ பேபார்" என்றார். நாலு நாள் சமாச்சாரம்தானே அக்கா என்று அர்த்தம்.

அக்காவின் பெங்காலி ஒருமாதிரி நெல்லை வாடை அடிக்கும். "ஆப்னார் கொலாய் பாந்துன், சார் தின்!" என்றார். உங்கள் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்களேன் நாலு நாளைக்கு!

தாதாவின் முகம் சுருங்கிவிட்டது. அடி விழப்போகிறது என்று நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, மரத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விளக்குக்காரப் பையன்களைக் கூப்பிட்டுக் கம்பியை எடுத்துவிட்டுத் துணிக்கயிற்றில் தளரக் கட்டச் சொன்னார். தசமி முடிந்த மறுநாள் அவிழ்க்கவும் செய்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு பூஜைக்கும் எங்கள் வீடுகளுக்கு வருவதற்கு முன்னால் போக் பிரசாதம் அக்கா வீட்டுக்குத்தான் போகும்.

நம்மவர்கள்தான் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்த அரச மரத்தடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் தமிழர்கள் சேர்ந்து ஒரு சின்னப் பிள்ளையாரை வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை விளக்கு, சதுர்த்திக்குக் கொழுக்கட்டை. அக்காவும் வருவார், எல்லோரையும்விட அதிகமாகத் தோப்புக்கரணம் போடுவார். குழந்தை வேண்டிக்கொண்டு பெண்கள் மஞ்சள் நூல் கட்டுவார்கள், சின்ன மரத்தொட்டில் கட்டுவார்கள். அதையும் அக்கா தடுத்ததில்லை. "கும்பிடாதேன்னா சொன்னேன்? நல்லா கும்பிடு. நூலுன்னா பருத்தி நூலாக் கட்டு, அது மழைக்கு மக்கிப்போகும். நைலானைக் கட்டுனா கிளை சாவும், பிள்ளையாரு உனக்கு என்னத்தைக் குடுப்பாரு?" என்பார். நைலான் கயிறு இருந்தால் அவிழ்த்து, தன் பழைய கைத்தறிப் புடவையில் ஒரு நாடா கிழித்து, அதே தொட்டிலை அதே கிளையில் திரும்பக் கட்டிவிடுவார். ஒரு தொட்டிலைக்கூட அவர் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

மூன்றாவது மாடிக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, கணவனின் அம்மா. அந்தப் பெண் வாய் திறந்து பேசவே யோசிப்பாள். கல்யாணமாகி நாலைந்து வருஷம் குழந்தை இல்லை, அதைப் படிக்கட்டில் எதிர்ப்படுகிற எல்லோரிடமும் சொல்கிற மாமியார். அந்தப் பெண் ஒரு நாள் அரச மரத்தில் தொட்டில் கட்டினாள். பச்சை நைலான் கயிறு. அக்கா வழக்கம்போல் அவிழ்த்து நாடாவால் மாற்றிக் கட்டினார். மாமியார் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார்.

ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உண்டாகியிருந்தது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். கலைந்துவிட்டது.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. தொட்டிலை அவிழ்த்த கை, கண்ணேறு, பெறாதவளின் பொறாமை என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினார்கள். படித்தவர்கள், கெஜட்டட் ஆபீசர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்யூனிட்டி ஹாலில் கூட்டம் போட்டு அக்காவை நடுவில் உட்காரவைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சரியாக நிற்கக்கூட முடியாத அந்தப் பெண்ணையும் கொண்டுவந்து எதிரே உட்காரவைத்தார்கள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். எங்கள் கமிட்டி செகரட்டரி எழுந்து, "மேடம், மரத்தைத் தொட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? உங்களுக்கு இல்லைங்கறதுக்காக இன்னொருத்தருக்கும் இருக்கக்கூடாதா?" என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். லாரிக்காரனோடு நடுரோட்டில் சண்டை போடுகிற அக்கா. கட்சிக்காரனின் கொடிக் கம்பியை அவன் கண்ணெதிரே அறுத்தவர். இப்போது பார், செகரட்டரி கிழிந்த பாயாகப் போகப்போகிறார் என்று நினைத்தேன். அக்கா வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் நிமிர்ந்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"அந்தப் பிள்ளையை எதுக்கு இங்க உக்கார வச்சிருக்கீங்க? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி படுக்க வையுங்க."

திரும்பி வரும்போது நான் கத்தினேன். "ஏன்க்கா வாயில கொழுக்கட்டையா? நீங்க அதே கிளையிலதானே திரும்பக் கட்டினீங்க? அதையாவது சொல்லியிருக்கலாமே?"

"எனக்குத் தலை வலிக்குட்டி, நீ வேற" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் பத்து நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த மாதம் மரத்துக்குக் 'காப்பு' என்று சொல்லி, அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு இரும்புக் கிராதி போட்டார்கள். அக்காவின் கை படக்கூடாதாம். அடிமரத்தை ஒட்டி ஒரு இரும்பு வளையம், அதில் கிராதியைப் பற்றவைத்தாயிற்று. கீழே பட்டையைத் தொடுகிறவரைக்கும் சிமென்ட், அதன்மேல் வழவழவென்று டைல்ஸ். கதவுக்குப் பூட்டு, சாவி செகரட்டரியிடம். உள்ளே தினமும் விளக்கு, அடிமரத்தோடு ஒட்டி. எண்ணெய் வழிந்து, கற்பூரம் எரிந்து, ஒரு பக்கம் பட்டையே கரியாகிவிட்டது. இதற்குப் பெயர் பக்தி என்றால் நான் நாஸ்திகையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அக்கா தினமும் காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது அங்கே ஒரு நிமிஷம் நிற்பார். ஒருநாள் கிராதிக்கு வெளியிலிருந்து கையை நீட்டி அந்த வளையத்துக்கும் மரத்துக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தார். ஒரு விரல் நுனிகூடப் போகவில்லை. கையை உருவிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன்.

குவார்ட்டர்ஸைப் பார்த்துக்கொள்கிற எஸ்டேட் ஆபீசுக்கு நடையாக நடந்தார். அங்கிருந்த ஆபீசர், "உங்க ஆளுங்க செண்டிமெண்ட் மேடம், நான் எப்படிக் கை வைக்கிறது?" என்று நழுவினார். இரண்டு மழைக்காலம் போயிற்று. உச்சிக் கிளைகளில் இலை விடவில்லை. மூன்றாவது வருஷம் சித்திரையில் கால்பைசாக்கி என்கிற கோடைப் புயலில் ஒரு பட்ட கிளை முறிந்து, நிறுத்தியிருந்த காலி வேன்மேல் விழுந்தது. உடனே எல்லோருக்கும் ஞானம் வந்துவிட்டது. ஆபத்தான மரம், வெட்டு!

அக்கா மறுபடியும் ஆபீசரிடம் போனார். வளையத்தை அறுங்கள், சிமென்ட்டை உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள், பட்ட கிளைகளை மட்டும் கழித்துவிட்டு ஒரே ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள் என்று மன்றாடினார். ஆபீசருக்குக் கொஞ்சம் மனசு இளகியது. கமிட்டி சம்மதித்துக் கிராதியை எடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றுவிட்டார். கமிட்டி சம்மதிக்கவில்லை. அன்றைக்கு ஒரு உயிர் போனபோதே இது தோஷப்பட்ட மரமாகிவிட்டது, இதை வெட்டிவிட்டுப் பிள்ளையாரை ஹாலுக்குள் கொண்டுபோகலாம், புதுசாக ஒரு கன்று நடலாம் என்றார் செகரட்டரி. இரும்பால் நெரித்தது இவர்கள், தோஷம் மட்டும் அக்காவுடையது! எப்படி இருக்கிறது நியாயம், பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் ரம்பத்தோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். ரோட்டில் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தியாயிற்று. ஆபீசர் குடைக்குக் கீழே நின்றார். கிளப் தாதாவும் வந்து, "இருநூறு வருஷத்து மரமோ என்னவோ, இப்படிச் செய்கிறீர்களே" என்று அவர் பாஷையில் புலம்பிக்கொண்டிருந்தார். அக்கா கிராதியைப் பிடித்துக்கொண்டு, நகரமாட்டேன் என்று நின்றார்.

"நகருங்க மேடம்" என்றார் செகரட்டரி. "ஒரு குடும்பத்தோட வயித்தெரிச்சல் இந்த மரத்துல இருக்கு. நீங்க செஞ்சதுதான். அது தீரட்டும்."

எனக்குத் தாங்கவில்லை. "யோவ், உங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேவிட்டேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன்.

அப்போதுதான் அந்த மூன்றாவது மாடிப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே மாமியார். அந்தப் பெண்ணுக்கு இன்னும் குழந்தை இல்லை. மாமியாரின் படிக்கட்டுப் பேச்சும் நிற்கவில்லை.

"சார், அந்த வயித்தெரிச்சல் என்னோடதுதானே? நான் சொல்றேன்" என்றாள். சின்னக் குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "அக்கா தொட்டிலைத் தொட்டதால ஒண்ணும் ஆகல. நான் தொட்டில் கட்டறதுக்கு முந்தின நாளே ஸ்கேன்ல துடிப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க. நான் தனியாத்தான் போயிருந்தேன். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கலாம்னாங்க. அந்த ஒரு வாரத்துக்காகத்தான் நான் ஓடி வந்து பிள்ளையார்கிட்ட கட்டினேன்."

மாமியார், "என்னடி சொல்ற? என்னடி சொல்ற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இவ வயித்துல தங்காதுன்னு நீங்க ஊர் பூரா சொல்வீங்கன்னுதான் சொல்லல அத்தை. அவருக்கும் தெரியாது. ஹால்ல கூட்டம் போட்டீங்களே, அதுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு என்னைப் பாக்க அக்கா மட்டும்தான் வந்தாங்க. அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதேன். நான் பாத்துக்கிடுதேன், நீ வாயைத் திறக்காதேன்னாங்க."

அந்த ஹாலில் அத்தனை பேர் அத்தனை பேசியதையும், அதற்கப்புறம் படிக்கட்டில் அவரைக் கண்டால் குழந்தையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்ட பெண்களையும், தெரிந்தே தாங்கிக்கொண்டு இத்தனை நாள் எங்களுக்கு நடுவில் இருந்திருக்கிறாரே இந்த மனுஷி! என்னிடம்கூடச் சொல்லவில்லை. தலைவலியாம்!

ரம்பக்காரன் ஒன்றும் புரியாமல், "கீ ஹொலோ தாதா, காட்போ?" என்று கேட்டான். வெட்டவா வேண்டாமா என்கிறான். செகரட்டரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர்தான் குடையை மடக்கிவிட்டு வந்து, மரம் இருக்கட்டும், முதலில் இந்த இரும்பை அறுத்துப் போடு என்றார். கிளப் தாதா, அவன் பட்டறையில் அறுக்கிற மெஷின் இருக்கிறது, இவன் வீட்டில் கடப்பாரை இருக்கிறது என்று பையன்களை விரட்ட ஆரம்பித்தார்.

இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய அக்கா, அதைக் காதில் வாங்கினமாதிரியே தெரியவில்லை. கிராதியை விட்டுவிட்டு நேரே அந்தப் பெண்ணிடம் வந்தார். சந்தோஷப்படப் போகிறார், கட்டிக்கொள்ளப் போகிறார் என்று பார்த்தால், அவருக்கு முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

"ஏட்டி கூறுகெட்டவளே! உன்னை யாருட்டி இதைச் சொல்லச் சொன்னா? இனி அந்த வீட்டுக்குள்ள நீ எப்படி இருக்கப்போற? ஒரு மரத்துக்காகவாட்டி இப்படிச் செஞ்சே?"

அந்தப் பெண் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மரத்துக்காக இல்லக்கா" என்றாள்.